கணிப்பொறிக்குள் ஒரு குடித்தனம்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை. பண்ருட்டியை அடுத்த அண்ணாகிராமத்திலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவி ஒருத்தி, மடிக்கணிப்பொறி ஒன்றைத் துணிப்பையிலிருந்து எடுத்து ஆய்வுக்கூட மேசைமீது வைத்தாள். "நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் சார் இருந்தது" என்றாள். கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்கியூ' என்ற சொற்கள் மட்டும் தெரிந்தன. வேறு எதற்கும் பொறி அசைந்து கொடுக்கவில்லை.

அது அவளுடைய அண்ணனுக்குப் பள்ளியில் அரசு வழங்கிய கணிப்பொறி. 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட திட்டத்தின் கீழ்த் தமிழகப் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு இவ்வாறு மடிக்கணிப்பொறிகள் வழங்கப்பட்டன. அவற்றில் ஒரு சிறப்பு உண்டு. வன்தட்டை இரண்டாகப் பிரித்து ஒரு பகுதியில் விண்டோஸையும், மற்றொரு பகுதியில் 'பாஸ்' என்னும் லினக்ஸையும் நிறுவித் தந்தார்கள். பாஸ் என்பது நம் நாட்டில், சென்னை சி-டாக் நிறுவனத்தாரின் உழைப்பில் உருவாகி 2007-ஆம் ஆண்டில் வெளிவந்த இயங்குதளம். பொறியை முடுக்கும்போது எது வேண்டும் என்று ஒரு பட்டியல் தோன்றும், ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஒன்று ஓடும்போது மற்றது உறங்கும்.

நம் மாணவிக்குப் படங்கள் சேமிக்க இடம் போதவில்லை. எழுத்துப் பெயர் எதுவும் இல்லாத ஒரு பகுதி வன்தட்டில் 'சும்மா' கிடப்பதைக் கண்டாள், அழித்து விட்டாள். அதுதான் பாஸ் குடியிருந்த பகுதி. பொறியை முடுக்கும் கிரப் என்ற நிரலின் தலை வன்தட்டின் தொடக்கத்திலும், உடல் அந்தப் பகுதியிலும் இருந்தன. காவலாளி வாசலில் நிற்கிறான். சாவிக்கொத்து தொங்கிய அறையை இடித்தாகி விட்டது. விண்டோஸும் அவளுடைய பாடக் குறிப்புகளும் உள்ளே பத்திரமாக இருந்தும் திறப்பார் இல்லை.

அரைமணி நேரத்தில் அதைச் சரிசெய்ய முடிந்தது. சரிசெய்ய முடியாதது அவளுடைய அச்சம். அதன்பின் செய்முறை வகுப்பில் புதிதாக எதையும் அவள் தொடவில்லை. பக்கத்து மாணவி செய்வதைப் பார்த்து எழுதிக் கொண்டாள். குடும்பத்துக்கே இருப்பது ஒரு பொறி. அது கெட்டால் இன்னொன்று வாங்கித் தர வழியில்லை. ஆனால் கெடுத்துப் பார்க்காமல் கணிப்பொறியைக் கற்றவர் யாரும் இல்லை என்பதும் உண்மை. இந்தச் சிக்கலை அவிழ்க்கும் ஒரு கருவியைப் பற்றியே இக்கட்டுரை. ஆங்கிலத்தில் அதன் பெயர் விர்ச்சுவல் மெஷின். நாம் மாயக் கணிப்பொறி என்போம்.

மாயம் என்றால் என்ன?

பத்தாம் வகுப்பில் மெய் பிம்பம், மாய பிம்பம் என்று படித்திருப்பீர்கள். நிலைக்கண்ணாடிக்குள் தெரிவது மாய பிம்பம். அதைத் திரையில் பிடிக்க முடியாது. கண்ணாடிக்குப் பின்னால் சென்று தேடினால் சுவர்தான் இருக்கும். ஆயினும் அதைப் பார்த்துத்தான் நாம் தலை வாருகிறோம், வகிடு கோணுவதில்லை. மாயக் கணிப்பொறியும் அத்தகையதே. அதற்குத் தனி நினைவகம் இல்லை, தனி வன்தட்டு இல்லை, சூடாகும் அடாப்டரும் இல்லை. ஆனால் அதற்குள் ஓடும் இயங்குதளத்துக்கு இவை யாவும் இருப்பதாகவே தோன்றும். விண்டோஸ் திரையில் ஒரு சன்னல். அந்தச் சன்னலுக்குள் முழுமையான ஒரு லினக்ஸ் பொறி. அரசு தந்த பொறியில் முறைவைத்து ஓடிய இரண்டும் இங்கே ஒரே நேரத்தில் ஓடுகின்றன.

இதை ஒரு வீட்டுக்குடித்தனமாக எண்ணிப் பார்க்கலாம். மெய்யான பொறியில் ஓடும் விண்டோஸ் வீட்டுக்காரர். மாயப் பொறியில் ஓடும் லினக்ஸ் குடித்தனக்காரர். ஆங்கில நூல்கள் ஹோஸ்ட், கெஸ்ட் என்று எழுதுகின்றன. விருந்தாளி என்பதைவிடக் குடித்தனக்காரர் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. விருந்தாளிக்குத் தான் விருந்தாளி என்பது தெரியும். இந்தக் குடித்தனக்காரரோ முழு வீடும் தனக்கே சொந்தம் என்று நம்புகிறவர்! அந்த நம்பிக்கை கலையாமல் பார்த்துக்கொள்ளும் நிரலை ஹைப்பர்வைசர் என்கிறார்கள். அதை மேற்பார்வையாளர் என்று வைத்துக்கொள்வோம்.

பழைய எண்ணம்

இது புதுமையான எண்ணம் என்று நினைக்க வேண்டா. 1960-களில் கணிப்பொறி என்பது ஒரு கூடத்தை அடைத்து நிற்கும் இயந்திரம். அதைப் பலர் பகிர்ந்தாக வேண்டும். ஒருவர் நிரலில் பிழை இருந்தால் மற்றவர் வேலையும் கெடும். அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் மையத்தில் ராபர்ட் கிரீசி, லெஸ் கோமோ ஆகியோர் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஆளுக்கொரு பொறி கொடுக்க முடியாது. ஆளுக்கொரு மாயப் பொறி கொடுக்கலாம் அல்லவா? அவர்கள் ஆக்கிய சி.பி.-40 என்ற மென்பொருள் 1967-ஆம் ஆண்டில் பயன்பாட்டுக்கு வந்தது. ஒரே இயந்திரம் 14 மாயப் பொறிகளாகத் தோன்றியது. ஒவ்வொன்றுக்கும் 256 கிலோபைட் நினைவகம். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம்கூட அதில் அடங்காது. 1972-ஆம் ஆண்டு ஆகஸ்டில் இதே கருத்தை வி.எம்./370 என்ற பெயரில் ஐ.பி.எம். அறிவித்தது.

370 என்ற எண் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 1973-ஆம் ஆண்டில் சென்னை ஐ.ஐ.டி.க்கு வந்து சேர்ந்தது ஐ.பி.எம். 370/155. ஒரு தலைமுறை மாணவர்கள் துளையிட்ட அட்டைகளைக் கட்டாகக் கட்டிக்கொண்டு அதன்முன் காத்திருந்தார்கள். இந்த 155 மாதிரியில் கவனிக்கத்தக்க ஒரு செய்தி உண்டு. அது முதலில் அறிவிக்கப்பட்டபோது, நினைவக முகவரிகளை மாற்றிக் காட்டும் மின்சுற்று அதில் இல்லை. மாயப் பொறிகளுக்கு அது இன்றியமையாதது. எனவே 1972-இல் அதைத் தனி இணைப்பாக ஐ.பி.எம். அறிவிக்க வேண்டியதாயிற்று. மென்பொருளின் சாமர்த்தியம் மட்டும் போதாது, வன்பொருளும் கைகொடுக்க வேண்டும் என்ற இந்தப் பாடம், முப்பது ஆண்டுகளுக்குப் பின் நம் வீட்டுக் கணிப்பொறியிலும் திரும்ப வந்தது.

மணி அடிக்கும் சுவிட்சுகள்

மையச் செயலகம் ஏற்கும் கட்டளைகள் இரு வகை. கூட்டு, பெருக்கு, இங்கிருந்து அங்கே நகர்த்து என்பவை எளியவை. யார் சொன்னாலும் செயலகம் செய்யும். வன்தட்டை இயக்கு, நினைவகப் பங்கீட்டை மாற்று போன்றவை அதிகாரக் கட்டளைகள். இயங்குதளம் மட்டுமே இடலாம். சாதாரண நிரல் ஒன்று அதிகாரக் கட்டளையை இட்டால், செயலகம் அதைச் செய்யாமல் நின்று இயங்குதளத்திடம் முறையிடும்.

மாயப் பொறியின் சூழ்ச்சி இங்கேதான் இருக்கிறது. குடித்தனக்காரரான லினக்ஸைச் சாதாரண நிரலின் நிலையில் ஓட விடுகிறார்கள். அது எளிய கட்டளைகளை இடும்வரை யாரும் குறுக்கிடுவதில்லை; மெய்யான செயலகமே முழு வேகத்தில் அவற்றை நிறைவேற்றுகிறது. என்றைக்கேனும் அது 'மெயின் சுவிட்சை அணை' என்று கை நீட்டினால், மேற்பார்வையாளர் அறையில் மணி அடிக்கிறது. அவர் வந்து அந்த ஒரு போர்ஷனின் விளக்கை மட்டும் அணைத்துவிட்டுத் திரும்புகிறார். குடித்தனக்காரர் வீடு முழுவதும் இருண்டதாக நம்பிக்கொள்கிறார்.

1974-ஆம் ஆண்டில் ஜெரால்ட் போபெக், ராபர்ட் கோல்ட்பெர்க் என்ற இருவர் இதைக் கணித முறையில் வரையறுத்தார்கள். அவர்கள் சொன்ன நிபந்தனை எளிது. பொறியின் நிலையைத் தொடும் ஒவ்வொரு கட்டளையும் மணி அடிக்க வேண்டும். அடிக்குமானால் அந்தச் செயலகத்தில் மாயப் பொறி அமைக்கலாம்.

நம் வீட்டுக் கணிப்பொறிகளில் உள்ள இன்டெல் வகைச் செயலகம் இந்தத் தேர்வில் தோற்றது. பென்டியத்தில் மணி அடிக்காத சுவிட்சுகள் 17 இருப்பதாக 2000-ஆம் ஆண்டில் ஜான் ராபின், சிந்தியா இர்வின் ஆகியோர் எண்ணிக் காட்டினர். அவற்றுள் 'பாப்-எஃப்' என்ற கட்டளை வேடிக்கையானது. 'இனி என்னைக் குறுக்கிடாதே' என்று சொல்ல இயங்குதளம் இதைப் பயன்படுத்தும். சாதாரண நிலையிலிருந்து இதை இட்டால் செயலகம் அந்த வேண்டுகோளை நிறைவேற்றுவதும் இல்லை, முறையிடுவதும் இல்லை. பேசாமல் அடுத்த வேலையைப் பார்க்கும். மணி அடிக்காதபோது மேற்பார்வையாளருக்கு எப்படித் தெரியும்?

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மெண்டல் ரோசன்பிளம் முதலியோர் 1998-இல் தொடங்கிய வி.எம்.வேர் நிறுவனம் இதற்கு ஒரு குறுக்கு வழி கண்டது. குடித்தனக்காரர் அடுத்து என்ன செய்யப் போகிறார் என்பதை முன்கூட்டியே படித்து, அந்தப் பொல்லாத கட்டளைகள் வரும் இடங்களில் வேறு கட்டளைகளை எழுதி வைத்துவிடுவது. 1999-இல் அவர்கள் மென்பொருள் வெளிவந்தபோது பலர் வியந்தார்கள். பின்னர் இன்டெல் நிறுவனம் 2005-இன் இறுதியிலும், ஏ.எம்.டி. நிறுவனம் 2006-இலும் செயலகத்துக்குள்ளேயே இதற்கென ஒரு தனி நிலையை அமைத்தன. எல்லாச் சுவிட்சுகளுக்கும் மணி கட்டியாகி விட்டது என்று பொருள். நினைவக முகவரிகளை இருமுறை மாற்றும் வேலையையும் சில ஆண்டுகளில் செயலகமே ஏற்றுக்கொண்டது. குடித்தனக்காரர் 'முதல் அறை' என்று எண்ணுவது உண்மையில் வீட்டின் ஏழாம் அறை. இந்தக் கணக்கை நொடிக்குக் கோடிக்கணக்கான முறை போட வேண்டியிருப்பதால் மின்சுற்றே போடுவது நல்லது.

இங்கே ஒரு ஐயத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். பல கல்லூரிகளில் டர்போ சி-யின் நீலத்திரையை டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருளில் திறந்து பார்த்திருப்பீர்கள். அது மாயக் கணிப்பொறி அன்று, போலி நடிப்பு. பழைய செயலகத்தின் ஒவ்வொரு கட்டளையையும் அது மென்பொருளிலேயே நடித்துக் காட்டுகிறது. ஆதலால் வேற்றினச் செயலகத்தையும் நடிக்கலாம். ஆனால் வேகம் குறையும். மாயப் பொறியில் வேலை செய்வது மெய்யான செயலகம். எனவே வேகம் பெரும்பாலும் குறைவதில்லை. இன்டெல் செயலகத்துக்காக எழுதிய இயங்குதளத்தைக் கைப்பேசிச் செயலகத்தில் குடிவைக்கவும் முடியாது.

வீட்டில் அமைக்கும் முறை

முதலில் நினைவகத்தைப் பாருங்கள். 2 ஜிகாபைட் உள்ள பழைய பொறியானால் இந்த முயற்சி வேண்டா. இருவருமே மூச்சுத் திணறுவார்கள். 4 ஜிகாபைட் இருந்தால் எடை குறைந்த லினக்ஸ் ஒன்றுக்கு ஒன்றரை கொடுக்கலாம். 8 இருந்தால் இரண்டரை அல்லது மூன்று. எப்படியும் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள். வீட்டுக்காரர் திண்ணையில் படுக்க நேர்ந்தால் குடித்தனமும் நடக்காது.

அடுத்து, மேலே சொன்ன மணிகள் விழித்திருக்கின்றனவா என்று அறிய வேண்டும். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் செயலகத்தைத் தேர்ந்தால், 'விர்ச்சுவலைசேஷன்' என்று ஒரு வரி இருக்கும். அங்கே 'டிசேபிள்டு' என்று இருந்தால், பொறியை முடுக்கும்போது எஃப்-2 அல்லது எஃப்-10 அல்லது டெலீட் விசையை அழுத்தி உள் அமைப்புத் திரைக்குப் போக வேண்டும். இன்டெல் பொறியில் 'விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி' என்றும், ஏ.எம்.டி. பொறியில் 'எஸ்.வி.எம். மோடு' என்றும் பெயர். அதை மட்டும் மாற்றிவிட்டு வெளியே வாருங்கள்.

மேற்பார்வையாளராக விர்ச்சுவல்பாக்ஸ் என்ற இலவச மென்பொருள் மாணவர்களுக்குப் போதுமானது. குடிவைக்க வேண்டிய லினக்ஸ் ஒரே கோப்பாகக் கிடைக்கும். பாஸ், டெபியன், லுபுண்டு எதுவானாலும் சரி. அதன் பருமன் சில ஜிகாபைட். கைப்பேசியின் அன்றாட இணைய ஒதுக்கீடு அதிலேயே தீர்ந்துவிடும். ஆகவே கல்லூரியில் ஒருவர் இறக்கிப் பென்டிரைவில் பகிர்ந்துகொள்வதே சிக்கனம். லினக்ஸ் வழங்கல்களை நகலெடுக்க உரிமம் இடம் தருகிறது. விண்டோஸைக் குடிவைப்பதானால் அதற்குத் தனி உரிமம் வேண்டும்.

பிறகு புதிய பொறி ஒன்றுக்குப் பெயரிட்டு, நினைவகம் இவ்வளவு, வன்தட்டு 25 ஜிகாபைட் என்று சொல்ல வேண்டியதுதான். இந்த 25 உடனே செலவாவதில்லை. மாய வன்தட்டு என்பது உங்கள் மெய்யான வன்தட்டில் ஒரு கோப்பு. உள்ளே பொருள் சேரச் சேர அது பெருக்கும். ஆனால் உள்ளே அழித்தால் தானாகச் சிறுக்காது.

எல்லாம் முடிந்து லினக்ஸை நிறுவத் தொடங்கினால், ஓரிடத்தில் வயிற்றைக் கலக்கும் கேள்வி ஒன்று வரும். 'ஈரேஸ் டிஸ்க்', வன்தட்டு முழுவதையும் அழிக்கவா? நம் மாணவி இந்த இடத்தில் கையை எடுத்துவிட்டாள். "வேணாம் சார், மறுபடியும் எல்லாம் போயிடும்." கேள்வி கேட்பவர் குடித்தனக்காரர். அவர் கண்ணுக்குத் தெரியும் வன்தட்டு அந்த ஒரு கோப்பு மட்டுமே. வீட்டுக்காரரின் சுவரில் ஓர் ஆணிகூட அவரால் அடிக்க முடியாது. சன்னலுக்கு வெளியே விண்டோஸில் அவளுடைய குறிப்பேட்டுக் கோப்பைத் திறந்து வைத்துக்கொள்ளச் சொன்னேன். "இதைப் பாத்துக்கிட்டே அமுக்கும்மா" என்றேன். ஐந்து நிமிடம் தயங்கி, அமுக்கினாள். குறிப்பேடு அப்படியே இருந்தது.

சுட்டி அந்தச் சன்னலுக்குள் சிக்கிக்கொண்டால் பயப்பட வேண்டா. வலப்பக்கக் கன்ட்ரோல் விசையை அழுத்தினால் விடுபடும். திரை சிறியதாக இருந்தால் 'கெஸ்ட் அடிஷன்ஸ்' என்ற துணை நிரலை உள்ளே நிறுவ வேண்டும். மூலையில் ஓர் ஆமைப் படம் தோன்றி எல்லாம் மெதுவாக நகர்ந்தால், விண்டோஸின் சொந்த மேற்பார்வையாளரான ஹைப்பர்-வி ஏற்கெனவே மணிகளைத் தன் கையில் வைத்திருக்கிறது என்று அறியலாம்.

கெடுத்துப் பார்ப்பது

இனி முக்கியமான வசதிக்கு வருவோம். மாயப் பொறியின் இந்தக் கணத்து நிலையை அப்படியே பதிந்து வைக்கலாம். 'ஸ்னாப்ஷாட்' என்பது அதன் பெயர். புகைப்படம் என்று பெயரிட்டிருந்தாலும், பழைய புகைப்படத்துக்குள் நாம் திரும்பிப் போக முடியாது, இதில் போகலாம். பதிந்த கணத்துக்குப் பின் நிகழும் மாற்றங்கள் யாவும் வேறொரு கோப்பில் எழுதப்படுகின்றன. அந்தக் கோப்பை எறிந்துவிட்டால் பழைய நிலை திரும்புகிறது. பொறி பழுது பார்ப்பவர் யாரும் வேண்டியதில்லை.

நான் மாணவர்களுக்குத் தரும் முதற் பயிற்சி, பொறியைக் கொல்வது. லினக்ஸ் நிறுவி ஸ்னாப்ஷாட் எடுத்தபின், இயங்குதளம் குடியிருக்கும் அடிப்படைக் கோப்புறை ஒன்றை வேண்டுமென்றே அழிக்கச் சொல்வேன். எந்தக் கட்டளை முதலில் செத்தது, எது கடைசி வரை மூச்சு விட்டது, மறுமுறை முடுக்கியபோது திரை என்ன சொன்னது என்று எழுதி வர வேண்டும். அந்த மாணவி இரண்டாம் முறை கிரப்பையே குறிவைத்து உடைத்தாள். அன்று தன்னைப் பயமுறுத்திய அதே கறுப்புத் திரையை வரவழைத்து, அங்கிருந்து கையால் கட்டளையிட்டுப் பொறியை எழுப்ப முயன்றாள். மூன்று நாள் ஆயிற்று. இடையில் எத்தனை முறை பழைய நிலைக்குத் திரும்பினாள் என்பதை அவள் எண்ணவில்லை.

ஓர் எச்சரிக்கை. ஸ்னாப்ஷாட் சேமநகல் ஆகாது. மெய்யான வன்தட்டு பழுதானால் மாயப் பொறியும் அதன் எல்லாப் பதிவுகளும் உடன்கட்டை ஏறும். முக்கியமான கோப்புகளைப் பென்டிரைவில் தனியே வையுங்கள். சுவர்களும் முற்றிலும் ஓட்டையற்றவை அல்ல. 2015-ஆம் ஆண்டில் 'வெனம்' என்ற பிழை வெளிப்பட்டது. மாயப் பொறிகளில் யாரும் பயன்படுத்தாத மாய ஃபிளாப்பி இயக்கி ஒன்று பழக்கத்தால் ஒட்டிக்கொண்டிருந்தது; அதன் வழியே குடித்தனக்காரர் சுவரைத் தாண்டி வர முடிந்தது! 2004-ஆம் ஆண்டு முதல் இருந்த ஓட்டை அது. எனவே மேற்பார்வையாளர் நிரலைக் காலாகாலத்தில் புதுப்பிக்க வேண்டும்.

யாருடைய கடிகாரம்?

இயற்பியல் படிப்போர்க்கு ஒரு சொல். புதுதில்லியின் பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான முடுக்கி மையம் உருவாக்கிய எக்ஸ்பைஸ் என்ற சிறு அளவீட்டுப் பெட்டி பல கல்லூரிகளில் உள்ளது. யு.எஸ்.பி. கம்பியில் இணைத்தால் மின்னழுத்தம், அதிர்வெண், கால இடைவெளி ஆகியவற்றை அளக்கலாம். அதன் மென்பொருள் லினக்ஸில் வளர்ந்தது. மாயப் பொறியில் லினக்ஸ் இருந்தால் 'டிவைசஸ்' பட்டியலில் அந்தப் பெட்டியைக் குடித்தனக்காரருக்கு ஒதுக்கிவிடலாம். அந்தக் கணமே விண்டோஸின் கண்ணிலிருந்து மறைந்து உள்ளே தோன்றும்.

மின்காந்தத்தில் தொங்கும் இரும்புக் குண்டு 30 செ.மீ. விழ எடுக்கும் காலம் சுமார் 0.247 வினாடி. இதை எக்ஸ்பைஸ் பெட்டியில் அளந்தால், உள்ளிருக்கும் நுண்கட்டுப்பாட்டுப் பொறி தன் சொந்தப் படிகத்தின் துடிப்பை எண்ணி மைக்ரோ வினாடிக் கணக்கில் விடை தரும். மாயப் பொறி அந்த எண்ணைப் படித்துக் காட்டுவதோடு சரி, விடை கெடாது. ஆனால் ஒலிவாங்கியையோ விசைப்பலகையையோ வைத்து, மாயப் பொறியின் கடிகாரத்தாலேயே காலத்தை அளக்க முயன்றால் கதை வேறு. வீட்டுக்காரர் வேறு வேலையில் இருக்கும்போது குடித்தனக்காரர் உறைந்து நிற்கிறார்; அவருடைய கடிகாரத் துடிப்புகள் தேங்கி, பிறகு மொத்தமாக வந்து சேர்கின்றன. தான் உறைந்தது அவருக்குத் தெரியாது. காலத்தின் இருமடி கீழே நிற்பதால், 5 மில்லி வினாடி கூடினாலே புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்பது 9.4 ஆகிவிடும்.

அளவீட்டேட்டில் 9.4 என்று எழுதி வருகிறவர்களிடம் குண்டு சரியாக விழுந்ததா என்று இப்போதெல்லாம் நான் முதலில் கேட்பதில்லை. நேரத்தைப் பெட்டியில் எடுத்தாயா, சன்னலுக்குள் எடுத்தாயா என்றே கேட்கிறேன்.